தளை தட்டும் இடம்

விறாந்தையிலிருந்து அறைக்குள் போகும் நிலைப்படியில் அப்பா மறுபடியும் நின்றுவிட்டார். ஐப்பசி மழை இருட்டு, பின்னேரம் ஐந்தரை இருக்கும். கைத்தடி உள்ளே போய்விட்டது, உடம்பும் அதற்குப் பின்னால் சாய்ந்துவிட்டது, பாதம் மட்டும் சிமெந்துத் தரையில் ஒட்டிக் கிடந்தது. குதிக்கால் மெல்ல மெல்ல நடுங்குகிறது, எழும்பவில்லை. நான் பின்னால் நின்று சாரத்தின் இடுப்பு மடிப்பைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் இழுக்கக்கூடாது, இழுத்தால் விழுவார் என்பது அதற்குள் பழகியிருந்தது.

“என்னப்பா, கால் நோகுதே?”

“நோகேல்லைப் பிள்ளை. தளை தட்டுது.”

அப்பா தமிழ் வாத்தியார். யாழ்ப்பாணத்தில் கொக்குவிலைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களில் 34 வருடம் படிப்பித்தவர். பிள்ளைகள் எழுதிக்கொண்டு வரும் வெண்பாவில் பிழை கண்டால் ஏசமாட்டார். இரண்டு சீருக்கும் நடுவில் சிவப்புப் பேனாவால் சின்னதாக ஒரு ‘த’ போட்டு வட்டம் வளைப்பார். சீரின் மேலே போடமாட்டார், நடுவில் இருக்கும் வெள்ளை இடத்தில்தான் போடுவார். அன்றைக்கு அந்தச் சிவப்புத் ‘த’வைத் தன் இரண்டு காலுக்கும் நடுவில் போட்டுக்கொண்டார்.

நான் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். மூளையைப் பற்றி இருபது வருடமாகக் கரும்பலகையில் கீறிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அப்பா சொன்ன அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான், மூளை ஒரு நாளின் அசைவுகளை எப்படித் துண்டாக்குகிறது, துண்டுகளை எப்படிக் கோக்கிறது என்று தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும் வீட்டில் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்பாவின் நோய் பார்க்கின்சன் நோய். தமிழில் நடுக்குவாதம் என்பார்கள். 1817 இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் வைத்தியர் விவரித்து எழுதியது. பெயரைக் கேட்டால் நடுக்கம்தான் நோய் என்று தோன்றும். அப்பாவுக்குக் கையில் நடுக்கம் பெரிதாக இல்லை. நாங்கள் முதலில் கொண்டுபோய்க் காட்டிய ஒரு தனியார் இடத்தில் கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, நடுக்கம் இல்லையே, வயது போனால் நடை தளரத்தான் செய்யும் என்று விற்றமின் எழுதித் தந்து அனுப்பினார்கள். எட்டு மாதம் அப்படியே போனது. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு எரியும். இந்த நோயில் நடுக்கமே இல்லாதவர்களும் உண்டு. நடை சுருங்குவது, எழுத்து சிறுத்துப் போவது, முகத்தில் பாவம் குறைவது, கால் தரையில் உறைந்து நிற்பது என்று அது வேறு வழிகளிலும் வரும். உங்கள் வீட்டில் யாருக்காவது கையெழுத்து வரவரச் சின்னதாகிக்கொண்டு போனால் தயவுசெய்து அதை வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

சரி, தளைக்கு வருகிறேன். யாப்பைப் படித்து மறந்தவர்களுக்காக ஒருமுறை. எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி. ஒரு சீருக்கும் அடுத்த சீருக்கும் இடையில் உள்ள கட்டுத்தான் தளை. நேர், நிரை என்பவை அசையின் இரண்டு வகை, மா, விளம், காய் என்பவை சீரின் வகைகள். வெண்பாவில் மாச்சீர் வந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்கவேண்டும், விளமும் காயும் வந்தால் அடுத்தது நேரில் தொடங்கவேண்டும். ‘மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர்.’ நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது வாய்ப்பாடு போல இதை அப்பா எங்கள் வாயில் போட்டிருந்தார். இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், தளை தட்டிய அடியில் ஒவ்வொரு சீரையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒன்றிலும் குற்றம் இராது. குற்றம் சேர்க்கையில் இருக்கிறது. அதனால்தான் அப்பா ‘த’வை நடுவில் போட்டார்.

இதையே ஒரு எலியின் உடம்பில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் சந்தீப் ராபர்ட் தத்தா என்பவரின் ஆய்வுகூடம் 2015 இல் ஒரு வேலையை வெளியிட்டது. சுண்டெலியை ஒரு வட்டமான இடத்தில் விட்டுவிட்டு, மேலே இருந்து ஆழத்தையும் அளக்கக்கூடிய ஒரு கமராவால் படம் பிடித்தார்கள். வீடியோ கேம் விளையாடுவதற்காக மைக்ரோசொப்ட் செய்த கினெக்ட் கமராதான் அது. எலிக்கு எந்தப் பயிற்சியும் இல்லை, அது தன்பாட்டில் ஓடும், நிற்கும், மோப்பம் பிடிக்கும், பின்னங்காலில் எழும்பும். இதற்கு முன்பெல்லாம் ஒரு மாணவர் பக்கத்தில் இருந்து ‘இப்போது ஓடுகிறது, இப்போது முகம் கழுவுகிறது’ என்று எழுதுவார். இங்கே கணினிக்கு எந்தப் பெயரும் சொல்லிக் கொடுக்கவில்லை. திரும்பத் திரும்ப வருகிற அசைவு ஏதும் இருந்தால் நீயே தேடிக்கொள் என்று விட்டார்கள்.

இருந்தது. எலியின் ஓட்டமும் நிற்பும் ஒரே ஆறாகப் பாயவில்லை. சராசரியாக ஒரு செக்கனில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள சின்னச் சின்னத் துண்டுகளாக அது பிரிந்தது. தலையை இடப்பக்கம் திருப்புவது ஒரு துண்டு, ஒரு சிறு பாய்ச்சல் இன்னொன்று, சட்டென்று நிற்பது மற்றொன்று. அதே துண்டுகள் மறுபடி மறுபடி வந்தன. எதற்குப் பின்னால் எது வரும் என்பதற்கும் ஒழுங்கு இருந்தது. சில துண்டுக்குப் பின்னால் சில துண்டு அடிக்கடி வரும், சில சோடி வருவதே இல்லை என்று சொல்லலாம். அவர்கள் அந்தத் துண்டுக்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் அசை. அந்த ஒழுங்குக்கு வைத்த பெயர் இலக்கணம்.

இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்தார்.

“அசை எண்டா அசையிறதுதானே பிள்ளை. வேறென்ன பேர் வைக்கிறது?”

உண்மைதான். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை அவர்கள் பேச்சிலிருந்து எடுத்து உடம்புக்கு வைத்தார்கள். தமிழில் அந்தச் சொல் உடம்பையும் செய்யுளையும் முன்பே சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. அதோடு அப்பா இன்னொன்றும் சொன்னார். தொல்காப்பியம் எழுத்தின் நீளத்துக்கு அளவு சொல்லும்போது கண் இமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம் என்றுதான் சொல்கிறது. அதுதான் ஒரு மாத்திரை. எலியின் அசையும் மாத்திரையும் ஒரே அளவு என்று சொல்ல நான் வரவில்லை, இரண்டும் வேறு காரியம். காலத்தை அளக்க ஒருவன் வெளியே சூரியனைப் பார்க்காமல் தன் இமையையும் விரலையும் பார்த்தான் என்பது எனக்குப் பெரிய விசயமாகப் படுகிறது. காலத்தின் சின்னத் துண்டு உடம்பின் சின்னச் செயலாகவே இருக்கிறது.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி நரி வாசம். நரியின் நாற்றத்தில் உள்ள ஒரு இரசாயனத்தை எலி இருக்கும் இடத்தில் வைத்தார்கள். எலி பயந்தது, ஒதுங்கியது, உறைந்தது. பார்க்கிறவர்களுக்கு அது முற்றிலும் புதிய நடத்தை. ஆனால் துண்டுகளை எண்ணிப் பார்த்தால் புது அசை என்று ஒன்றும் பெரிதாகச் சேரவில்லை. இருந்த அசைகளே வேறு அளவில், வேறு வரிசையில் வந்திருந்தன. பயம் என்பது எலிக்கு வேறு பா. எழுத்து அதே எழுத்து.

அடுத்தது 2018. அதே கூடம், மூளையின் நடுவில் உள்ள ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியை எடுத்துக்கொண்டது. ஸ்ட்ரையாட்டம் என்றால் வரி வரியாக இருப்பது என்று பொருள், வெட்டிப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். எலி ஒவ்வொரு அசையாக மாறும்போதும் அங்கே உள்ள உயிரணுக்களின் எழுச்சியும் அசைக்கு அசை மாறியது. பிறகு அந்தப் பகுதியின் வெளிப்புறத்தைச் சேதப்படுத்திவிட்டுப் பார்த்தார்கள். எலி நடக்காமல் போகவில்லை. தலை திருப்பவும் எழும்பவும் அதற்கு முடிந்தது. அசைகள் இருந்தன. அவற்றைச் சூழலுக்கு ஏற்ற வரிசையில் கோக்கத்தான் அதனால் முடியவில்லை.

அதை வாசித்தபோது இரவு பதினொன்று தாண்டியிருந்தது, பக்கத்து அறையில் அப்பா இருமிக்கொண்டிருந்தார். சீர் ஒன்றிலும் பிழையில்லை, நடுவில் ஒரு ‘த’. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

இது புதிதாகத் தோன்றிய எண்ணமும் இல்லை. கென்ட் பெரிட்ஜ் என்பவர் எலி முகம் கழுவுவதைப் பல வருடம் பார்த்தவர். உங்கள் வீட்டு எலியும் அதைத்தான் செய்யும். மூக்கைச் சுற்றிச் சின்னச் சின்னதாக வேகமாகத் துடைப்பு, பிறகு ஒரு பக்க மீசையோரம், பிறகு இரண்டு கையாலும் காதுவரை பெரிய வீச்சு, கடைசியில் திரும்பி உடம்பை நக்குவது. நாலு கட்டம். தொடங்கிவிட்டால் கடைசிவரை அந்த வரிசை அநேகமாகக் குலையாது. ஸ்ட்ரையாட்டத்தில் ஒரு குறிப்பிட்ட இடம் சேதமானால் துடைப்பும் இருக்கும், நக்குவதும் இருக்கும், வரிசையை முடிக்கத்தான் வராது. அதற்கும் முன்னால் 1951 இல் கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் இந்தக் கேள்வியைக் கட்டுரையாகவே எழுதிவிட்டார். பியானோ வாசிப்பவரின் விரல்கள் ஓடுகிற வேகத்தில், ஒரு விரல் பட்ட உணர்வு மூளைக்குப் போய் அடுத்த விரலுக்குக் கட்டளை வருவதற்கு நேரமே இல்லை. ஆகவே ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று சங்கிலியாக இழுபட்டு வருவதாக இருக்க முடியாது, வரிசை முன்கூட்டியே எங்கோ கட்டப்பட்டிருக்கவேண்டும் என்றார். இணுவில், அளவெட்டிப் பக்கத்துத் தவில்காரரின் விரல்களைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்கு லாஷ்லி சொன்னது உடனே விளங்கும். சொற்கட்டு ஒன்று முழுதாக உள்ளே எழும்பிய பிறகுதான் முதல் விரல் தோலில் படுகிறது.

ஆனால் இதுவரை சொன்னது செய்கிறவரின் மூளை. பார்க்கிறவரின் மூளையும் வெட்டுகிறது. அதைப் பற்றி வாசித்ததும் வீட்டிலேயே ஒருமுறை செய்துபார்க்க ஆசை வந்தது.

1973 இல் டாரன் நியூட்சன் என்ற உளவியலாளர் ஆட்களுக்கு ஒரு படத்தைப் போட்டுக் காட்டி, ஒரு செயல் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று தோன்றும் போதெல்லாம் ஒரு பொத்தானை அமத்தச் சொன்னார். எங்கே அமத்தவேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே பலரும் கிட்டத்தட்ட ஒரே இடங்களில் அமத்தினார்கள். பிறகு ஜெஃப்ரி சாக்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் 2001 இல் ஆட்களை மூளைப்படக் கருவிக்குள் படுக்கவைத்துச் சாதாரண வீட்டு வேலைப் படங்களைக் காட்டினார்கள். முதல் தடவை சும்மா பார்த்தால் போதும், ஒன்றும் அமத்தத் தேவையில்லை. அப்படிச் சும்மா பார்த்தபோதே, அவர்கள் பின்னால் ‘இங்கே முடிந்தது’ என்று குறிக்கப்போகும் இடங்களில் மூளையின் வேலை கூடியிருந்தது. யாரும் கேட்காமலே மூளை வெட்டிக்கொண்டு இருக்கிறது. இன்னொன்று, சின்னச் சின்னதாக வெட்டச் சொன்னால் குறிக்கும் இடங்களும் பெரிதாக வெட்டச் சொன்னால் குறிக்கும் இடங்களும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். அடியின் முடிவு ஒரு சீரின் முடிவாகவும் இருப்பது போல.

நான் அம்மா பிட்டு அவிப்பதைப் போனில் பிடித்தேன். குசினி ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். வறுத்த சிவப்பரிசி மாவும் அவித்த கோதுமை மாவும் கலந்து, சுடுதண்ணீர் விட்டு அகப்பைக் காம்பால் கிண்டி, பிறகு பேணி விளிம்பால் கொத்திக் கொத்திச் சின்ன உருண்டைகளாக்கி, தேங்காய்ப்பூவும் மாவும் மாறி மாறி நீத்துப்பெட்டியில் போட்டுப் பானையின் வாயில் வைத்து மூடும் வரைக்கும் ஒன்பது நிமிடம். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் மூன்று பேர், நான், அம்மா, அப்பா. ஆளுக்கொரு தாள். ‘ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்குது எண்டு நினைச்சால் நேரத்தைக் குறியுங்கோ’ என்றேன்.

பிள்ளைகள் மூவரும் நானும் குறித்த இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே வந்தன. கையில் இருக்கும் சாமான் மாறும் இடம்: அகப்பை வைத்துப் பேணி எடுக்கும்போது, பேணி வைத்துத் தேங்காய்ப்பூ எடுக்கும்போது. அம்மா மூன்று இடம்தான் குறித்தார், ஆனால் ஒன்று எங்கள் ஒருவர் தாளிலும் இல்லை. கொத்திக்கொண்டிருக்கும் நடுவில், சாமான் ஒன்றும் மாறாமல், பேணியும் அதே கையில் இருக்க ஒரு இடம்.

“இதில என்னம்மா முடிஞ்சது?”

“மா பதத்துக்கு வந்திட்டுது. அதுக்கு முதல் உடைக்கிறது, அதுக்குப் பிறகு உருட்டிறது. பாக்கத் தெரியேல்லையே?”

மறுபடி போட்டுப் பார்த்தேன். ஓம், பேணியின் சாய்வு மாறுகிறது. நாற்பது வருடம் அந்தப் பிட்டைச் சாப்பிட்ட எனக்கு அது ஒரே வேலை. அவித்த அம்மாவுக்கு இரண்டு. மூளை எதிர்பார்த்தது நடந்துகொண்டிருக்கும் வரைக்கும் ஒரு துண்டு, எதிர்பார்ப்பு பிசகும் இடத்தில் அடுத்த துண்டு என்பது சாக்ஸின் விளக்கம். அம்மாவுக்கு மாவைப் பற்றி என்னைவிடக் கூடுதலான எதிர்பார்ப்புகள் இருக்கின்றன.

அப்பாவின் தாளைக் கடைசியாகத்தான் பார்த்தேன். சிறுத்துப்போன எழுத்தில் ஐந்து குறி. அவர் ஒருநாளும் குசினிக்குள் நின்று பிட்டு அவித்தவர் இல்லை. பார்வையும் இப்போது மட்டம், போன் திரையை அவர் சரியாகப் பார்த்தாரோ என்பதே சந்தேகம். ஆனால் ஐந்து குறியும் எங்களோடு ஒத்து வந்தது, அம்மாவின் அந்தப் பதம் உட்பட.

“எப்பிடியப்பா?”

“கொம்மா கதையை நிப்பாட்டேக்க வேலை மாறுது.”

சத்தத்தை மட்டும் கேட்டோம். மாமியோடு அம்மா கதைக்கிறார், கை கொத்துகிறது, கதை போகிறது, கை போகிறது. வேலை மாறும் இடத்தில் ஒரு செக்கன் வாய் நிற்கிறது. பிறகு விட்ட வசனத்திலிருந்து மறுபடி தொடங்குகிறது. எம்.ஐ.ரி.யில் ஆன் கிரேபியலின் கூடம் 1999 இல் கண்டது இதற்குக் கிட்ட வருகிறது. எலி ஒரு ‘ரி’ வடிவப் பாதையில் ஓடப் பழகும்போது முதலில் ஸ்ட்ரையாட்டத்தின் அணுக்கள் பாதை முழுக்க வேலை செய்தன. பழகப் பழக நடுப்பகுதி அமைதியாகி, தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் எழுச்சி கூடியது. பழக்கமான செயல் ஒரு பொட்டலமாகிவிடுகிறது. கட்டும் இடத்திலும் அவிழ்க்கும் இடத்திலும்தான் கவனம் வேண்டும், நடுவில் வாய்க்கு விடுமுறை. அம்மாவின் அந்த ஒரு செக்கன் மௌனம் கட்டு அவிழும் இடம். 47 வருடம் அந்தக் குரலை விறாந்தையில் இருந்து கேட்டவருக்கு அது தெரிந்திருக்கிறது.

இப்போது சைக்கிள் கதையைச் சொல்லவேண்டும். இதை எழுதத் தொடங்கியதே அதற்காகத்தான்.

போன தை மாதம், சனிக்கிழமை காலை. படலைப் பக்கம் இருந்து அம்மா என் பெயரைக் கூப்பிட்டுக் கத்துகிறார். ஓடிப்போனால் படலை திறந்து கிடக்கிறது, மதிலோடு சாத்தியிருந்த பழைய ராலி சைக்கிளைக் காணவில்லை, அப்பாவைக் காணவில்லை. கைத்தடி மட்டும் மதிலில் சாய்ந்திருக்கிறது. ஒழுங்கையில் செருப்பில்லாமல் ஓடினேன். வாசிகசாலை வாங்கிலில் இருந்து அப்பா பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். சைக்கிள் வேப்பமரத்தடியில் ஒழுங்காக ஸ்ராண்டில் நின்றது. அங்கே இருந்த பொடியன் ஒருவன், “மாஸ்ரர் நல்ல வேகமா வந்தவர்” என்றான்.

எனக்குக் கோபம், அழுகை, ஆச்சரியம் எல்லாம் ஒன்றாக வந்தது. நிலைப்படியைத் தாண்ட ஐந்து நிமிடம் எடுக்கிற மனிதர்.

“எப்பிடியப்பா வந்தனீங்கள்?”

“ஏறி உழக்கினனான். பெடல் அடுத்த காலைக் கூப்பிடுது பிள்ளை. நிலம் கூப்பிடுதில்லை.”

2010 இல் நெதர்லாந்து வைத்தியர்கள் இப்படி ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 58 வயது, பத்து வருடமாகப் பார்க்கின்சன், சில அடி நடந்தாலே கால் உறைந்து விழப்போவார். அதே மனிதர் சைக்கிளில் ஏறினால் எந்தத் தடையும் இல்லாமல் ஓட்டினார், இறங்கியதும் மறுபடி உறைந்தார். சுற்றும் பெடல் காலுக்கு வெளியே இருந்து தாளம் கொடுப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் சொன்னார்கள். அப்பா சொன்னதும் அதுதான். அன்றைக்கு நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு, அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, 300 மீற்றர் ஒழுங்கையை நடக்க முக்கால் மணித்தியாலம் சென்றது. கடைசியில் படலையில் வந்து உறைந்தார். சைக்கிளைப் பிறகு பூட்டித்தான் வைத்திருக்கிறோம். காங்கேசன்துறை வீதிக்கு ஏறிவிட்டால் பஸ்ஸும் லொறியும் அவருக்காக நிற்காது. பூட்டிய அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏன் வாசலில்? இந்த நோயில் கால் உறையும் இடங்கள் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: நடக்கத் தொடங்கும்போது, திரும்பும்போது, ஒடுக்கமான இடம், வாசல். ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கவேண்டிய இடங்கள். நேராக நீளமாக நடக்கும்போது குறைவு. எங்களுக்கும் வாசல் ஒரு வெட்டுத்தான். அறைக்குள் போனதும் எதற்கு வந்தோம் என்று மறப்பதைக் கப்ரியேல் ராட்வான்ஸ்கி என்பவர் சோதனையிலேயே காட்டியிருக்கிறார், வாசலைக் கடந்ததும் நினைவு சற்றுக் குறைகிறது. இது நினைவின் வெட்டு, அப்பாவுடையது காலின் வெட்டு, காரணங்கள் வேறு. ஆனாலும் நிலைப்படியில் நின்று அப்பாவைப் பார்க்கும்போது இரண்டும் எனக்கு ஒன்றாகவே நினைவு வரும்.

எலியின் சேதத்தையும் அப்பாவின் நோயையும் ஒன்றாக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஸ்ட்ரையாட்டத்தின் அணுக்களையே அழித்தார்கள். பார்க்கின்சனில் ஸ்ட்ரையாட்டத்துக்கு டோபமின் என்ற இரசாயனத்தை அனுப்பும் நடுமூளை அணுக்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. வயல் இருக்கிறது, வாய்க்கால் வற்றுகிறது. அந்த டோபமினைப் பற்றித்தான் தத்தாவின் கூடம் 2023 இல் எழுதியது. எலிக்குச் சாப்பாடோ பரிசோ எதுவும் கொடுக்கவில்லை, அது தன்பாட்டில் திரிகிறது. அப்படித் திரியும்போதே அசைக்கு அசை டோபமின் ஏறி இறங்கியது. ஒரு அசையோடு டோபமின் கூடுதலாக ஏறியிருந்தால், அடுத்து வரும் செக்கன்களிலும் நிமிடங்களிலும் அதே அசை கூடுதலாக வந்தது. ஆய்வாளர்கள் தாங்களே ஒரு அசையைத் தெரிந்தெடுத்து, அது வரும்போதெல்லாம் ஒளியால் டோபமினை எழுப்பியபோது எலி அந்த அசையை அடிக்கடி செய்தது. பரிசு கிடைத்தால்தான் டோபமின் என்று நான் இத்தனை வருடம் படிப்பித்தேன். ஒன்றுமில்லாமல் முற்றத்தில் சும்மா நடப்பதற்கும், நடையை அடுத்த நடைக்குக் கொடுப்பதற்கும் அது வேண்டியிருக்கிறது. அடுத்த வகுப்பில் அதைத் திருத்திச் சொன்னேன்.

அப்பாவுக்கு, மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா குளிசை ஒரு நாளைக்கு நாலு தடவை. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னால், ஏனென்றால் இறைச்சி, மீன், பருப்பில் உள்ள புரதம் மருந்து உடம்பில் சேருவதைத் தடுக்கும். குளிசை வேலை செய்யும் நேரத்தில் நடை ஓரளவு நல்லாக இருக்கும். அடுத்த குளிசைக்குக் கிட்ட வரும்போதுதான் உறைவது கூட.

அப்புறம், கோடுகள். 1967 இல் பர்டன் மாட்டின் என்ற பிரித்தானிய வைத்தியர், தரையில் குறுக்குக் கோடுகள் போட்டால் உறைந்து நிற்கும் நோயாளிகள் அவற்றைத் தாண்டி நடப்பதை எழுதி வைத்தார். கிளினிக்கில் பிசியோதெரபி செய்யும் தங்கச்சி அதையேதான் சொன்னார்: நடையை உள்ளே இருந்து கூப்பிட முடியாவிட்டால் வெளியே இருந்து கூப்பிடுங்கோ அக்கா. நான் வெள்ளை டேப் வாங்கி வந்து விறாந்தையிலிருந்து அறை வரைக்கும், நிலைப்படிக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் இரண்டு என்று ஒரு முழ இடைவெளியில் ஒட்டினேன். முதல் நாள் அப்பா கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு சீர் சொல்லத் தொடங்கினார். தேமா. புளிமா. கருவிளம். கூவிளம். சொல்லும்போது கால் எழும்பியது. தாளமும் சத்தமும் நடைக்கு உதவும் என்பதற்கு ஆய்வு இருக்கிறது, தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவி வைத்துச் செய்கிறார்கள். எங்கள் வீட்டில் யாப்பு. அந்தக் குரல் கேட்டதும் அம்மா குசினியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் குசினியில் ஒரு சத்தமும் இல்லை.

நாளாக நாளாக டேப் உரிந்துகொண்டு வருகிறது. தும்புத்தடி பட்டு ஓரம் சுருளும், அதில் மண் ஒட்டும். போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நிலைப்படிக்கு முன்னால் இருந்த கோடு முழுதாகவே போயிருந்தது, நான் கவனிக்கவில்லை. அப்பா தேமாவும் புளிமாவும் சொல்லி இரண்டு கோட்டைத் தாண்டினார், நின்றுவிட்டார். கால் நடுங்குகிறது.

“இதில ஒண்டைக் காணேல்லைப் பிள்ளை.”

மேசை லாச்சியைத் திறந்து டேப்பைத் தேடுகிறேன், இல்லை. ஞாயிறு, சந்திக் கடை பூட்டு. அதற்குள் குசினியிலிருந்து அம்மா வந்தார், கை இரண்டும் பிட்டு மா. அப்பாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். குனிந்து, ஈர மாக் கையால் நிலைப்படிக்கு முன்னால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கோணல் கோடு, ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெல்லிசு.

அப்பா அந்த மாவைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“மா முன் நிரை” என்று சொல்லிக்கொண்டு வலது காலைத் தூக்கினார்.